தங்கவயல் கட்டுரைப் போட்டி நடுவர்களுக்கு

தங்கவயலில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்துகிற சங்கத்தாருக்கும், அந்தக் கட்டுரைகளைத் திருத்தி மதிப்பெண் போடுகிற ஆசிரியப் பெருமக்களுக்கும் எழுதுகிறேன்.

உங்களில் பலர் என்னைவிட மூத்தவர்கள். சிலர் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். மண்டப வாடகைக்கு யாருடைய கைக்காசு போகிறது, பரிசுப் பொருள் வாங்க யார் யாரிடம் போய் நிற்கிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாலு பிள்ளைகளாவது தமிழில் எழுதட்டும் என்றுதான் இவ்வளவு பாடும். அதனால் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சென்ற முறை கட்டுரைக் கட்டை என் கையில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துத் தரச் சொன்னீர்கள். தலைப்பு 'எங்கள் ஊர்'. பார்த்துத் தந்தேன். மூன்று பரிசு அறிவித்தாயிற்று. மீதித் தாள்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. பரிசு பெற்ற மூன்றையும்கூட யாரும் மறுபடி படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவற்றில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்தார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆசியாவிலேயே இது முதலாவது, அது இரண்டாவது. 1956இல் அரசுடைமை. 2001 பிப்ரவரி 28இல் மூடல். முடிவுரையில், சுரங்கத்தை அரசு மீண்டும் திறக்க வேண்டும். முன்னுரையிலிருந்து முடிவுரை வரை ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இதே வரிசை. பெரும்பாலும் சரியான தகவல்தான். ஆனால் தங்கவயலைக் கண்ணால் பார்க்காத ஒரு பிள்ளை டெல்லியில் உட்கார்ந்து, கைபேசியைப் பார்த்து இதே கட்டுரையை எழுதிவிடலாம். ராபர்ட்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்த பிள்ளை எதற்கு?

ஒரு தாளில் மட்டும், இரண்டாம் பக்கத்தின் நடுவில், முதலில் பென்சிலால் எழுதி அதன்மேல் பேனாவை ஓட்டிய ஒரு வாக்கியம் இருந்தது. அப்பா விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். அடுத்த வரியிலேயே சிவசமுத்திரம் வந்துவிட்டது. யாரோ முதுகில் தட்டி 'தலைப்புக்கு வா' என்று சொன்னதுபோல் அவசரமாகத் திரும்பிவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தேன். உடனிருந்த நடுவர் அதைக் குறைத்தார். நம்மிடம் இருக்கிற திருத்தக் குறிப்பின்படி அவர் செய்தது சரி. உட்தலைப்புக்கு இவ்வளவு, மேற்கோளுக்கு இவ்வளவு, கையெழுத்துக்கும் பிழையின்மைக்கும் இவ்வளவு என்று அதில் எல்லாம் இருக்கிறது. அந்த வாக்கியத்துக்கு மட்டும் அதில் இடம் இல்லை.

இதே ஊரில் இதே மாதிரியான போட்டியில் எழுதிப் பழகியவன் நான். எட்டாம் வகுப்பில் எனக்கு வந்த தலைப்பு 'ஒரு பவுன் தன் வரலாறு கூறுதல்'. நதி, நாணயம், கிழிந்த குடை எல்லாம் தன் வரலாறு கூறிய காலம் அது. நானும் பாறைக்குள் பிறந்தேன், இருளில் தவம் கிடந்தேன், வெளியுலகம் கண்டேன், பொற்கொல்லன் கையில் உருமாறினேன், மணமகள் கழுத்தில் ஏறினேன் என்று எழுதினேன். முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வீட்டில் அம்மா அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "பவுனு தானா மேல ஏறி வந்துச்சாடா?"

பரிசு கொடுத்த பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த மனிதர் கேட்டார்.

அதற்கப்புறம்தான் அவர் பேசினார். அடிமட்டத்துக்கு ஒரே கூண்டில், அதாவது கேஜில், போய்விட முடியாது. ஒன்றில் இறங்கி, உள்ளே நடந்து, அடுத்த ஷாஃப்டில் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது; அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிர்காற்றை மேலேயிருந்து உள்ளே செலுத்திக்கொண்டே இருந்தால்தான் ஆள் நிற்க முடியும். வேலை முடிந்து மேலே வந்தால் வாசலில் உடம்பைச் சோதிப்பார்கள். எடுத்தது தங்கம் அல்லவா? ஏர் பிளாஸ்ட் பற்றிப் பாட்டிதான் சொன்னாள். கீழே பாறை வெடித்தால் மேலே தொழிலாளர் லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரம் கிடுகிடுக்கும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். எந்த ஷாஃப்ட் என்று தெரிகிற வரை ஒருத்தியும் மற்றவளிடம் பேசமாட்டாளாம். பேசினால் தன் வீட்டு ஆளின் பெயர் வந்துவிடும் என்று பயம்.

இதையெல்லாம் சேர்த்து அடுத்த கட்டுரை எழுதினேன். பள்ளியில் அது சிவப்பு மையில் குளித்துத் திரும்பியது. பேச்சுவழக்கு, பிறமொழிச் சொல், மேற்கோள் இல்லை, தலைப்பை விட்டு விலகல். திருத்தியவர் நல்ல ஆசிரியர். மழைக்காலத்தில் தன் குடையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போனவர். தேர்வில் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், பையன் தோற்றுவிடக் கூடாது என்று பயந்தார். அந்தப் பயம் உங்களுக்கும் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் நடத்துவது தேர்வு இல்லையே. போட்டியில் யாரும் பெயிலாவதில்லை. பள்ளியில் முடியாததை உங்கள் மேடையில் செய்யலாம். நீங்களோ பள்ளியின் திருத்தக் குறிப்பையே கொண்டுவந்து மேடையிலும் வைத்திருக்கிறீர்கள்.

மனப்பாடக் கட்டுரையே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்த அலங்கார வாக்கியங்களை உருப்போட்டதால்தான் ஒரு வாக்கியம் எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று என் காதுக்குப் பிடிபட்டது. முன்னுரை, முடிவுரை என்ற கட்டுப்பாடு இருந்ததால்தான் எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும் என்ற பயம் வந்தது. இன்றைக்கும் அந்தப் பயம் இல்லாமல் எழுதுகிறவர்களைப் படிக்க நேர்கிறது, சிரமமாகத்தான் இருக்கிறது. பயிற்சி இருக்கட்டும். அதோடு பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் அதற்கு அடுத்த படியில் இன்னொரு குழி இருக்கிறது. கல்லூரிக்குப் பெங்களூர் போன பிறகு தாத்தாக்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். கைதட்டலும் கிடைத்தது. ஒரு பேராசிரியை என் கட்டுரையைப் படித்துவிட்டு, "உங்கள் ஊரில் எல்லோரும் தியாகிகளாகவே இருக்கிறார்களே, ஒருத்தருக்காவது பல்வலி வராதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்கு அது வருஷக்கணக்கில் உறுத்தியது. சம்பளநாளில் சாராயக்கடையில் பாதியை விட்டுவிட்டு வந்தவர், மேஸ்திரியின் காலைப் பிடித்து மகனுக்கு வேலை வாங்கியவர், தங்கத்துகளை ஒளித்துக் கொண்டுவந்து பிடிபட்டவர், மூச்சு வாங்கிக்கொண்டே திண்ணையில் சீட்டாடியவர் எல்லோரும் நம் லைனில்தான் இருந்தார்கள். அவர்களை எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கு எழுத்து கொஞ்சம் வசப்பட்டது. மாணவனாக எழுத வந்தவன் வளர்ந்த கதை என்றால் என்னுடையது இவ்வளவுதான். யாரோ ஒருவர் சரியான கேள்வி கேட்டார், நான் போய் விசாரித்தேன். கேட்கிற ஆள் இல்லாவிட்டால் இன்றும் பவுனே தன் வரலாற்றைக் கூறிக்கொண்டிருக்கும்.

இந்த ஊர் எழுதத் தெரியாத ஊர் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினபோது, கடல் தாண்டியும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். ஆனால் நம் ஊர்போல் தாங்கிப் பிடித்த ஊர் அதிகம் இல்லை. மாரிக்குப்பத்துப் பௌத்த சங்கத்தார் வாங்கினார்கள், படித்தார்கள், சந்தேகம் கேட்டு எழுதினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, 1920களின் பிற்பாதியில் 'தமிழன்' இங்கிருந்தே வந்தது. ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்து, ஓலைக் குடிசை லைனில் இருந்துகொண்டு, பூமிக்கு அடியில் போய்விட்டு வந்த மனிதர்கள் காசு சேர்த்து அச்சகம் நடத்தினார்கள். 1930இல் கம்பெனி எல்லோருடைய கைரேகையையும் பதியப் பார்த்தபோது, குற்றவாளிகளா நாங்கள் என்று வேலையை நிறுத்தினார்களே, அவர்களும் அந்த மனிதர்கள்தான். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் விட்டவர்களும் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான். உங்கள் தலைப்புப் பட்டியலில் இவற்றில் ஒன்றையாவது கண்டதாக எனக்கு நினைவில்லை. தொலைக்காட்சியின் நன்மை தீமைகள் மட்டும் தவறாமல் இருக்கும்.

பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கனமான விஷயம் என்று சிலர் சொல்வீர்கள். புனேயில் முக்தா சால்வே என்று ஒரு மாணவி இருந்தாள். மாங் சாதிப் பெண். ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் சுமார் மூன்று வருஷம்தான் படித்திருந்தாள். அவளுக்கும் ஏறக்குறைய பதினான்கு வயதுதான். மாங், மகார் மக்களின் துன்பத்தைப் பற்றி அவள் மராத்தியில் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வந்தது. எங்களுக்கு எந்த மதம் என்று கடவுளையே கேட்கிறாள். கட்டடத்துக்கு அடித்தளம் போடும்போது தன் மக்களை எண்ணெயில் செந்தூரம் கலந்து குடிக்கவைத்துப் புதைத்ததைச் சொல்கிறாள். பிரசவத்துக்குக்கூட ஒரு கூரை இல்லாத தாய்மாரைச் சொல்கிறாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பி ஒப்பித்திருந்தால் 170 ஆண்டு கழித்து நான் உங்களுக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பாராட்டி மிட்டாய் கொடுத்த துரையிடம், எங்களுக்கு மிட்டாய் வேண்டாம், நூலகம் கொடுங்கள் என்றாள் என்றும் சொல்வார்கள். நம் பரிசு மேஜையில் அடுக்கி வைக்கிற டிபன் பாக்ஸ்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம்தான் வருகிறது.

இன்னொரு தயக்கமும் உங்களிடம் உண்டு. வெளியே சொல்லமாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வீட்டுக் கதையை எழுத ஆரம்பித்தால் சாதி வரும், கட்சி வரும், யூனியன் சண்டை வரும், துரைமார் பங்களாவுக்கும் லைன் வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் வரும், மேடையில் உட்கார்ந்திருக்கும் பிரமுகருக்குச் சங்கடமாகும். ஆகட்டுமே. 2018இல் வந்த கன்னடப் படம் நம் சைனைடு கழிவு மேட்டில் எடுக்கப்பட்டு, நம் ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டு உலகம் சுற்றியது. அதில் நம் வீட்டார் யாரும் இல்லை. 2024இல் 'தங்கலான்' வந்தது, அது இன்னும் பழைய காலத்துக் கதை. இப்போது கட்டுரைகளில் படத்தின் வசனம் எட்டிப் பார்க்கிறது. நாம் எழுதாமல் விட்டால் வேறு யாராவது எழுதத்தான் செய்வார்கள், பிள்ளைகள் அதைத்தான் தங்கள் ஊர் என்று நம்புவார்கள்.

அவகாசமும் இல்லை. மூடிய அன்று முப்பது வயதில் இருந்த ஆள்கூட இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டார். பழைய காலத்தில் கேஜில் இறங்கியவர்களில் எத்தனை பேர் திண்ணையில் மிச்சம் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். நெஞ்சுக்குள் பாறைத்தூளோடு இருக்கிறவர்கள் நீண்ட நாள் காத்திருக்கமாட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. வரும் பிப்ரவரி 28க்குள் ஒரு போட்டி நடத்துங்கள். தலைப்பை மேடையில் கொடுத்து ஒரு மணி நேரத்தில் எழுதச் சொல்லாதீர்கள். ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கீழே போய் வேலை பார்த்த ஒருவரிடமோ, மேலே காத்திருந்த ஒருத்தியிடமோ உட்கார்ந்து பேசி, கேட்டதை எழுத வேண்டும். வீட்டில் அப்படி யாரும் இல்லாத பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போகட்டும், பிஇஎம்எல் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தாவிடம் கேட்கட்டும், ரயிலில் போய்வருகிற அப்பாவிடமே கேட்கட்டும். சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரைச் சோறு போட்டுக் காப்பாற்றியது அந்த ரயில்தானே? மாரிக்குப்பத்தில் உட்கார இடம் கிடைத்தவருக்கும் கோரமண்டலில் ஏறி நின்றுகொண்டே போகிறவருக்கும் தனித்தனிக் கதை இருக்கும்.

இரண்டு தாத்தாக்கள் ஒரே விபத்துக்கு இரண்டு வருஷம் சொல்வார்கள். பதற வேண்டாம். இன்னார் இப்படிச் சொன்னார், அன்னார் அப்படிச் சொன்னார் என்று இரண்டையும் எழுதக் கற்றுக்கொடுங்கள். மேற்கோளுக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணை அதற்குப் போடலாம். கேட்டதைக் கட்டுரையாகக் கோக்கவும் ஒரு வழி இருக்கிறது. இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்துப் பிள்ளைகள், தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்கு 1967இல் ஒரு புத்தகம் முழுக்கக் கடிதம் எழுதினார்கள். தமிழிலும் அது வந்திருக்கிறது. அதை எழுத அவர்கள் செய்த வேலை ரொம்ப எளிது. தோன்றியதைத் துண்டுத் தாளில், ஒரு தாளுக்கு ஒரு விஷயம் என்று குறித்து வைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒன்றாகச் சேர வேண்டியதைச் சேர்ப்பார்கள், வேண்டாததைத் தூக்கிப் போடுவார்கள். நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

மதிப்பெண்ணில் பாதி, எழுதியவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு. மீதிப் பாதியில் உங்கள் உட்தலைப்பும் கையெழுத்தும் இருந்துவிட்டுப் போகட்டும். கேஜ், ஷாஃப்ட், ஏர் பிளாஸ்ட் என்று எழுதினால் வட்டம் போடாதீர்கள்.

அடுத்தது உங்களில் சிலருக்குக் கோபம் வரவழைக்கும். தமிழ் எழுத வராத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்வழி வகுப்புகள் எப்படிக் காலியாயின என்று உங்களுக்குத் தெரியும்; நம் பிள்ளைகளையே நாம் எங்கே சேர்த்தோம் என்றும் தெரியும். பாட்டி தமிழில் சொன்னதைக் கன்னடத்தில் எழுதிக்கொண்டு வருகிற பேரனை வாசலில் நிறுத்தாதீர்கள். தமிழ்ப் போட்டியில் கன்னடமா என்பீர்கள். பாட்டியிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தமிழ் கேட்டிருக்கிறானே, அதற்கு இடம் கொடுங்கள். எழுதியதை மேடையில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் எழுத்தும் கற்றுக்கொண்டு வந்தாலும் வருவான்.

கடைசியாக, தாள்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பரிசு பெற்றது, பெறாதது எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து, கேட்கப்பட்டவர் சம்மதித்தால் அவர் பெயரும் லைன் பெயரும் எழுதி, படிப்பகத்தில் வையுங்கள். தைக்கிற செலவு என்னுடையது. கட்டுரைகளைப் படிக்க எத்தனை நாள் கூப்பிட்டாலும் வருகிறேன். நடுவர் நாற்காலி வேண்டாம், படித்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்க அனுமதி கொடுத்தால் போதும். பொங்கல் முடிந்ததும் குழு கூடுவீர்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, முடியும் முடியாது என்று எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். முடியாது என்றால் காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேடையில் பரிசு வாங்கிய பழைய மாணவன்